வாங்கிய காரில் வென்ற பட்டம்

டென்மார்க்கில் கார்ப் பந்தயம் என்று பேச்சு எடுத்தால் அது டாம் கிறிஸ்டென்சனில் தொடங்கி அவரிடமே முடிந்துவிடும். லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 9 முறை வென்றவர் அவர். அந்த எண்ணிக்கையை வேறு எவரும் தொட்டதில்லை. அவருக்கு முன்பே, 1990இல், லெ மானை வென்ற முதல் டேனிஷ்காரர் ஜான் நீல்சன். ஜுட்லாந்தின் மேற்கே எஸ்பியருக்கு அருகிலுள்ள வார்டே என்னும் சிற்றூரில் 1956இல் பிறந்தவர். அவருடைய சாதனைப் பட்டியலில் 1996க்கு நேராக ஒரு வரி உண்டு: அகில ஜப்பான் ஜிடி சாம்பியன்ஷிப், ஜிடி500 பிரிவு, முதலிடம். பெரும்பாலானோர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இங்கே நான் எடைபோட எடுத்துக்கொள்வது அதைத்தான்.

இன்று சூப்பர் ஜிடி என்று அழைக்கப்படும் அந்தத் தொடரில் ஜிடி500 ஓட்டுநர் பட்டத்தை வென்ற டேனிஷ்காரர் நீல்சன் ஒருவரே. ஜப்பானில் தயாராகாத கார் ஒன்று அந்தப் பட்டத்தை எடுத்துச் சென்றதும் அந்த ஆண்டில் மட்டுமே. இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாராட்டுவதற்கு முன் சந்தேகம்தான் எழும். அவ்வளவு அபூர்வமான கார் கிடைத்தால் யார் ஓட்டினாலும் வென்றிருப்பார்களே?

சந்தேகத்துக்குக் காரணமான காரை முதலில் பார்க்கலாம். கஸுமிச்சி கோ என்பவரின் அணி, லார்க் சிகரெட்டின் விளம்பரப் பணத்தோடு, இரண்டு மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர் கார்களை அந்தப் பருவத்தில் இறக்கியது. இந்தக் காரை வடிவமைத்த கார்டன் மர்ரே பந்தயத்துக்காக அதைச் செய்யவில்லை. சாலைக்கான உச்சக் காராகவே நினைத்தார். ஓட்டுநர் நடுவில் அமர, அவருக்கு இருபுறமும் சற்றுப் பின்னால் இரண்டு இருக்கைகள். பந்தயத்துக்கு இழுத்து வந்தவர்கள் வாங்கியவர்கள்தான். ரே பெல்ம், தாமஸ் புஷர் போன்ற பணக்கார வாடிக்கையாளர்கள் நச்சரித்ததால்தான் ஜிடிஆர் என்ற பந்தய வடிவம் பிறந்தது. உடல் முழுக்கக் கார்பன் இழை. ஓட்டுநருக்குப் பின்னால் பிஎம்டபிள்யூ செய்துகொடுத்த 6.1 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின். 1995இல் லெ மானில் முதல் முறையாகக் களமிறங்கியதுமே ஒட்டுமொத்த வெற்றி. அந்தக் காரை ஓட்டிய மூவரில் ஒருவர் மசனோரி செகியா, லெ மானை வென்ற முதல் ஜப்பானியர். ஆகவே 1996இல் ஜப்பானுக்கு இந்தக் கார் புதுமுகம் அல்ல. என்ன வருகிறது என்று எதிராளிகளுக்கு நன்றாகவே தெரியும்.

எதிரே யார்? நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், டொயோட்டா சுப்ரா, தனியார் அணிகளின் போர்ஷே 911, ஒரு ஃபெராரி எஃப்40. ஸ்கைலைனும் சுப்ராவும் ஷோரூமில் விற்ற கார்களின் எஃகு உடலைத் திருத்திச் செய்தவை. எஞ்சின் முன்னால். சாலையில் நான்கு சக்கரத்தாலும் ஓடும் ஜிடி-ஆர், பந்தயத்தில் பின்சக்கரங்களால் மட்டும் ஓடியது. சுப்ராவில் டொயோட்டா தன் ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, எடை குறையட்டும் என்று இரண்டு லிட்டர் டர்போ எஞ்சினை வைத்திருந்தது. மூளையைக் கசக்கிச் செய்த வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் அடிப்படையிலேயே பந்தயக் காருக்கான எலும்பு கொண்ட ஒன்றோடு, வீட்டுக் காரை எவ்வளவு செதுக்கினாலும் சரிக்குச் சரி நிற்க முடியாது.

பருவம் முழுவதும் 6 சுற்றுகள். மார்ச் மாதக் கடைசியில் சுசூக்காவில் தொடங்கி, ஃபுஜி, செண்டாய் ஹைலேண்ட், மறுபடி ஃபுஜி, சுகோ என்று போய் அக்டோபரில் மினேயில் முடிந்தது. முடிவில் நீல்சனும் அவருடைய கூட்டாளி டேவிட் பிராபமும் முதலிடம். அதே அணியின் இன்னொரு காரை ஓட்டிய ரால்ஃப் ஷூமாக்கரும் நவோகி ஹட்டோரியும் இரண்டாமிடம். முதல் இரண்டு இடங்களும் ஒரே கொட்டகைக்குப் போய்விட்டன. அணிகளுக்கு இடையிலான போட்டி என்ற அளவில் 1996 தோற்றுப்போன பருவம். இதை மழுப்பிப் பயனில்லை. 1994, 1995 இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்ற மசஹிகோ ககெயாமாவின் ஸ்கைலைனுக்கும் சரி, டொயோட்டாவின் சுப்ராக்களுக்கும் சரி, மெக்லாரன் ஏதாவது தவறு செய்தால் மட்டுமே கதவு திறந்தது.

தொடரை நடத்தியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தத் தொடருக்கென்றே ஒரு மருந்து உண்டு. வென்ற காரில், முன்னணி இடங்களைப் பிடித்த கார்களில், அடுத்த சுற்றுக்கு எடை ஏற்றிவிடுவார்கள். பின்தங்கினால் இறக்குவார்கள். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறுக்கும் ரெஸ்ட்ரிக்டர் வளையத்தின் அளவும் காருக்குக் கார் வேறுபடும். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, நடுமாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்துத்தான் ஓட்டுவார்கள். ஜிடி500, ஜிடி300 என்ற பிரிப்பும் அந்த நியாயத்தைச் சேர்ந்ததே. ஆனால் போன பந்தயத்தில் ஜெயித்த வண்டியில் இந்த முறை இரண்டு மூட்டை நெல்லை ஏற்றி ஓடச் சொன்னால் ஊரே கேள்வி கேட்கும். ஜப்பானிய ரசிகர்கள் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒரே ஆள் வென்றுகொண்டே போனால் மேடை காலியாகிவிடும் என்ற வணிகக் கணக்கு அதற்குள் இருக்கிறது. அந்தக் கணக்கு தவறென்று நான் சொல்ல மாட்டேன். முப்பது ஆண்டுகளாக இந்தத் தொடர் உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பட்டத்தை மதிப்பிட வருகிறவனுக்கு இது ஒரு தொல்லை. எந்த ஓட்டமும் சம எடையில் நடந்ததாக அவன் எடுத்துக்கொள்ள முடியாது.

1996இல் அந்த மருந்து வேலை செய்யவில்லை. எடை ஏற்றியும் மெக்லாரன்கள் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன. காருக்கும் காருக்கும் இடையிலிருந்த இடைவெளி, விதியால் நிரப்ப முடியாத அளவு பெரியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நீல்சனின் பட்டத்துக்கு எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான வாதமும் இதுவே. சுப்ராவையோ ஸ்கைலைனையோ அவர் முந்தியதை அவருடைய திறமைக் கணக்கில் எழுத முடியாது. அந்த வரவு முழுவதும் காருக்குப் போகட்டும்.

ஆனால் காருக்குப் போக முடியாத வரவு ஒன்று மிஞ்சுகிறது. அதே காரை ஓட்டிய இன்னொரு ஜோடியையும் அவர்கள் முந்தினார்கள்.

கார்ப் பந்தயத்தில் ஓட்டுநரை அளக்க ஓரளவு நம்பகமான கோல் ஒன்றுதான். அது அணித் தோழன். ஒரே கார், ஒரே பொறியாளர்கள், ஒரே டயர். மீதி வித்தியாசம் கையிலும் காலிலும் தலையிலும்தான். அந்தக் கோலால் அளக்கும்போது 1996இன் நிறம் மாறுகிறது. ரால்ஃப் ஷூமாக்கர் அப்போது 20 வயதைக் கடந்துகொண்டிருந்த இளைஞர். அதே ஆண்டு ஜப்பானின் உச்ச ஒற்றை இருக்கைத் தொடரான ஃபார்முலா நிப்பானை முதல் பருவத்திலேயே வென்றார். அடுத்த ஆண்டு ஜோர்டன் அணியில் ஃபார்முலா 1க்குப் போனார். அவருடைய கூட்டாளி ஹட்டோரி 1990இல் ஜப்பான் ஃபார்முலா 3 பட்டம் வென்றவர், உள்ளூர்த் தடங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர். எதிர்ப்பக்கம் நீல்சனுக்கு 40 வயது. பிராபம், மூன்று முறை ஃபார்முலா 1 உலகப் பட்டம் வென்ற ஜாக் பிராபமின் கடைசி மகன், ஃபார்முலா 1இல் இரண்டு முறை நுழைந்தும் நல்ல கார் கிடைக்காமல் வெளியேறியவர். வேகத்தை மட்டும் வைத்துப் பந்தயம் கட்டச் சொன்னால் எவரும் ஷூமாக்கர் பக்கம்தான் கட்டியிருப்பார்கள்.

இந்தக் கோலிலும் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. முதலாவது, முன்பே சொன்ன எடை. ஒரே அணியின் இரண்டு கார்களும் எல்லாச் சுற்றிலும் ஒரே பளுவோடு ஓடவில்லை. ஒரு சுற்றில் முன்னால் வந்த ஜோடி அடுத்த சுற்றில் கூடுதலாகச் சுமந்தது. இரண்டாவது, 6 சுற்றுகள் என்பது சின்ன எண்ணிக்கை. ஒரு பழுது, ஒரு மோதல், கணக்கு தலைகீழாகிவிடும். மூன்றாவது, ஷூமாக்கருக்கு ஜிடி இரண்டாம் வேலைதான். மனம் ஃபார்முலா நிப்பானில் இருந்திருக்கும். மூன்றையும் ஒரே தராசில் போட முடியாது. மூன்றாவது வாதத்தை நான் ஏற்கவில்லை. சுசூக்கா, ஃபுஜி, மினே, சுகோ ஆகிய தடங்கள் ஃபார்முலா நிப்பானுக்கும் சொந்தமானவை. அந்த ஆண்டு அங்கே அதிகச் சுற்றுகள் ஓடிப் பழகியவர் ஷூமாக்கர்தான், நீல்சன் அல்ல. இரண்டாவது வாதத்தில் உண்மை உண்டு. அதற்குப் பதில் இந்தப் பருவத்துக்குள் கிடைக்காது, வெளியேதான் தேட வேண்டும். முதல் வாதத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எடையேற்றும் விதி இருக்கும் தொடரில் பட்டம் வெல்வது தனி வித்தை. முதலிடத்துக்கு 20 புள்ளி, அடுத்து 15, 12, 10 என்று இறங்கும். ஒரு சுற்றை வென்று அடுத்த சுற்றில் பளுவோடு எட்டாவதாக வருகிறவரும், இரண்டு சுற்றிலும் மூன்றாவதாக வருகிறவரும் கிட்டத்தட்ட ஒரே கணக்கில் நிற்பார்கள்: 23க்கு 24. வேகமானவரைவிட விட்டுக்கொடுக்காதவரைத்தான் இந்த ஏணி மேலே தூக்கும். பளு ஏறிய காரில் டயர் சீக்கிரம் தேயும், பிரேக் சூடேறும். அதைக் கடைசிச் சுற்றுவரை காப்பாற்றிக் கொண்டுவர வேண்டும். அதோடு இன்னொன்று. இரண்டு பிரிவுகளும் ஒரே நேரத்தில் ஒரே தடத்தில் ஓடுகின்றன. முன்னணியில் போகிறவன் ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் மெதுவான ஜிடி300 கார்களின் கூட்டத்துக்குள் நுழைந்து வெளிவர வேண்டும். எந்த வளைவில் ஜிடி300 ஓட்டுநர் வழி விடுவான், எதில் விட மாட்டான் என்று முன்கூட்டியே படிக்கத் தெரிந்தவனுக்கு அரை நொடி லாபம், தெரியாதவனுக்கு உடைந்த பம்பர். ஒற்றை இருக்கைப் பந்தயத்தில் வளர்ந்த இளைஞருக்கு இந்தப் படிப்பு குறைவு. 1980களிலிருந்து நீண்ட தூரப் பந்தயங்களில் இரவும் பகலும் ஓட்டிய நீல்சனுக்கு அது அன்றாடப் பிழைப்பு. 1988இல் டேடோனா 24 மணி நேரத்தையும் 1990இல் லெ மானையும் ஜாகுவாரில் வென்றவர் அவர்.

இனி அந்த இரண்டாவது வாதம்: 6 சுற்று போதுமா? இதற்குத்தான் முந்தைய ஆண்டைப் பார்க்கச் சொல்கிறேன். 1995இல் ஐரோப்பாவை மையமாகக் கொண்ட பிபிஆர் ஜிடி தொடரில் நீல்சன் இதே வகை மெக்லாரனை ஓட்டினார். கூட்டாளி மேலே பெயர் சொன்ன தாமஸ் புஷர். முழுநேர ஓட்டுநர் அல்ல, ஜெர்மன் வங்கியாளர். அந்த ஆண்டு அதிக வெற்றி பெற்றவர்கள் இவர்கள் அல்ல. ரே பெல்மும் மவுரிசியோ சாலாவும் இவர்களைவிடக் கூடுதல் பந்தயங்களை வென்றார்கள். ஆனாலும் பட்டம் இவர்களுக்கே வந்தது. ஏனென்றால் இவர்கள் கார் ஒழுங்காகப் புள்ளிகளோடு திரும்பி வந்துகொண்டே இருந்தது. சுசூக்காவும் அந்தத் தொடரின் ஒரு சுற்று. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள், இரண்டு வேறு தொடர்கள், இரண்டு வேறு கூட்டாளிகள். மாறாமல் இருந்தவை இரண்டு, மெக்லாரனும் நீல்சனும். மெக்லாரன் எதிராளிகளிடமும் இருந்தது. முதல் ஆண்டு பெல்மிடம், இரண்டாம் ஆண்டு ஷூமாக்கரிடம். இதற்குமேல் தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இங்கே பிராபமுக்குச் சேர வேண்டியதைக் குறைத்துவிடக் கூடாது. ஜோடியாக வென்ற பட்டத்தில் யார் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எந்தத் தராசும் இல்லை. பிராபம் 1989இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 பட்டத்தையும் மக்காவ் பந்தயத்தையும் வென்றவர், 1991இல் ஸ்பா 24 மணி நேரத்தை நிசான் ஸ்கைலைனில் வென்றவர், பிற்காலத்தில் 2009இல் லெ மானையும் வென்றார். ஒரு சுற்றின் சுத்த வேகத்தில் ஜோடியில் அவரே முன்னால் நின்றிருக்கலாம். நீல்சனும் மக்காவ் பந்தயத்தை 1984இல் வென்றவர்தான். ஆனால் அது 12 ஆண்டுப் பழைய கதை. ஆகவே 'நீல்சனின் பட்டம்' என்று நான் எழுதும்போதெல்லாம் பாதி பிராபமுடையது என்று வாசகர் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பருவத்தின் மீதான தீர்ப்புக்கு வருவதற்கு முன் அதன் பின்னணியிலுள்ள ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 1983 முதல் 1992 வரை ஜப்பானில் ஸ்போர்ட்ஸ் புரோட்டோடைப் சாம்பியன்ஷிப் நடந்தது. அதன் முதல் பாதி முழுக்கப் போர்ஷேயின் ஆட்சி. ஜெர்மனியிலிருந்து 956, 962 கார்களை வாங்கிவந்த தனியார் ஜப்பானிய அணிகள், நிசானையும் டொயோட்டாவையும் அவர்களுடைய சொந்த மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் தோற்கடித்தன. குனிமிட்சு தகஹாஷி 1985, 86, 87, 89 என்று நான்கு முறை பட்டம் வென்றது போர்ஷேயில்தான். அவமானத்தைத் தாங்காமல் நிசான் பணத்தைக் கொட்டி, 1990 முதல் 1992 வரை மூன்று பட்டங்களையும் எடுத்தது. எடுத்த கையோடு தொடரே நின்றுபோனது, செலவு தாங்கவில்லை. அதன் சாம்பலிலிருந்து எழுந்ததுதான் ஜிடி தொடர். வாங்கிய வெளிநாட்டுக் கார் உள்ளூர்த் தொழிற்சாலைகளை வீழ்த்துவதும், தொழிற்சாலைகள் பதிலடி கொடுப்பதும் ஜப்பானியப் பந்தயத்துக்குப் புதிதல்ல. 1996 அந்தப் பழைய நாடகத்தின் ஒரே ஆண்டுச் சுருக்கம்.

பதிலடியும் உடனே வந்தது. கோவின் அணி 1997இல் திரும்பி வரவில்லை. அந்த ஆண்டுப் பட்டம் டாம்ஸ் அணியின் சுப்ராவில் பெத்ரோ தெ லா ரோசாவுக்கும் மிகாயெல் க்ரும்முக்கும் போனது. 1998, 1999 நிசானுக்கு, 2000 ஹோண்டாவுக்கு. அதன்பின் மூன்று தொழிற்சாலைகளும் ஒவ்வொரு ஆண்டும் காரை ஷோரூமிலிருந்து இன்னும் கொஞ்சம் தூரம் நகர்த்தின. கடைசியில் வெளியே தெரியும் உருவம் மட்டும் சாலைக் காருடையது, உள்ளே எல்லாம் பந்தயத்துக்கென்றே வார்த்தது என்ற நிலை. மெக்லாரன் பிற்காலத்தில் வேறு சிறு அணிகளின் கையில் திரும்பி வந்தும் பட்டத்தை நெருங்கவில்லை. பணமிருந்தால் நல்ல காரை வாங்கி உச்சப் பிரிவை வெல்லலாம் என்ற வழி 1996ஓடு அடைபட்டது. 2019இல் கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயன் ஜிடி500இல் முழுப் பருவம் ஓட்டியபோது அவருக்குக் கிடைத்தது நகாஜிமா அணியின் ஹோண்டா என்எஸ்எக்ஸ். அந்தப் பிரிவில் அப்போது இருந்தவை ஹோண்டா, நிசான், லெக்சஸ் மூன்று மட்டுமே. அந்த நவம்பரில் ஃபுஜியில் ஜெர்மனியின் டிடிஎம் கார்களையும் சேர்த்து நடத்திய சிறப்புப் பந்தயத்தின் இரண்டாம் நாளை நாராயண் வென்றார். அழகான வெற்றி, ஆனால் பட்டப் புள்ளி இல்லாதது. ஜப்பானில் ஓட்டப்போகும் வெளிநாட்டவருக்கு இன்றைக்கு இருக்கும் இடம் தொழிற்சாலை கொடுக்கும் இருக்கைதான்.

டேனிஷ்காரர்களுக்கு இந்த இருக்கை தேடும் பிழைப்பு புதிதல்ல, பந்தயத்தில் அவர்கள் எல்லாருமே கூலி ஓட்டுநர்கள்தான். பெரிய கார்த் தொழிற்சாலை என்று சொல்லிக்கொள்ள நாட்டில் எதுவும் கிடையாது. அந்த ஆண்டுகளில் புதுக் கார் பதிவு செய்ய விலையில் 105 விழுக்காடு வரி, ஒரு வரம்பைத் தாண்டிய தொகைக்கு 180 விழுக்காடு. கார் என்பதையே ஆடம்பரமாகப் பார்த்த அரசு. ரோஸ்கில்டே தடம் 1969இல் மூடப்பட்டது. சில்கெபோர்க் அருகே இருக்கும் ஜுட்லாந்து ரிங் சுற்றுக்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சம். ஈழத்திலிருந்து வந்த நம்மவர்கள் ஹெர்னிங், கிரின்ஸ்டெட் என்று குடியேறிய அதே தட்டையான நிலப்பகுதியிலிருந்துதான் இந்த ஓட்டுநர்கள் புறப்பட்டார்கள். ஜெர்மன் எல்லையைத் தாண்டி ஃபார்முலா 3, அங்கே பெயர் எடுத்தால் எந்தக் கண்டம் கூப்பிடுகிறதோ அங்கே. நீல்சன் 1982இல் ஜெர்மன் ஃபார்முலா 3யை வென்றார், கிரிஸ் நிஸ்ஸன் 1986இல், கிறிஸ்டென்சன் 1991இல். நிஸ்ஸன் ஜப்பானின் புரோட்டோடைப் தொடருக்குப் போய் 1988இல் ஃபுஜியில் தீப்பற்றிய போர்ஷேயிலிருந்து கடும் தீக்காயங்களோடு மீண்டார். கிறிஸ்டென்சன் 1993இல் ஜப்பான் ஃபார்முலா 3 பட்டத்தை வென்றுவிட்டு அங்கேயே சில ஆண்டுகள் டொயோட்டாவுக்காக ஓட்டினார். கார் யாருடையது, கொடி யாருடையது என்று பார்க்காமல், கொடுத்த காரை நொறுக்காமல் திருப்பிக் கொண்டுவந்து அடுத்த கூட்டாளியிடம் ஒப்படைப்பவர்கள் என்ற பெயர் இவர்களுக்கு இப்படித்தான் வந்தது. நீண்ட தூரப் பந்தயத்தில் அந்தப் பெயருக்கு வேகத்தைவிட விலை அதிகம்.

கோவுக்கும் அந்தப் பெயர் மறக்கவில்லை என்றே நினைக்கிறேன். 2004இல் அவர் ஆடி ஆர்8 காரோடு லெ மானுக்குப் போனபோது செய்ஜி அரா, ரினால்டோ கப்பெல்லோ இருவரோடும் மூன்றாவதாக உட்காரவைத்தது ஒரு டேனிஷ்காரரை. அந்த வெற்றி கிறிஸ்டென்சனுக்கு ஆறாவது; ஜாக்கி இக்ஸின் சாதனையை அது சமன் செய்தது. கிறிஸ்டென்சன் ஆடியின் ஆஸ்தான ஓட்டுநர் என்பதால் அந்த ஏற்பாட்டில் ஆடியின் கை இருந்திருக்கும். என் ஊகத்தை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளலாம்.

பருவத்தையும் பட்டத்தையும் ஒரே மதிப்பெண்ணில் அடைக்க முடியாது. பருவம், போட்டி என்ற வகையில், அந்தத் தொடரின் பலவீனமான பருவங்களில் ஒன்று. யார் சாம்பியன் என்பது ஒரே கொட்டகைக்குள் தீர்மானமானது. எடை விதி தன் வேலையைச் செய்யத் தவறியது. மற்ற அணிகள் மூன்றாமிடத்துக்காக ஓடின. 1998க்குப் பிறகு மூன்று தொழிற்சாலைகளும் நெருக்கமாக மோதிய பருவங்களோடு இதை ஒரே வரிசையில் வைக்க முடியாது. இதை ஜிடி500இன் பொற்காலம் என்று கொண்டாடுகிறவர்கள் அந்த 12 சிலிண்டர் சத்தத்தைக் கேட்டு மயங்கியவர்கள். மயக்கம் எனக்கும் புரிகிறது, ஆனால் சத்தம் புள்ளிப் பட்டியலில் வராது.

பட்டம் வேறு. காரின் பங்கை முழுவதும் கழித்த பிறகும், பிராபமுக்குரிய பாதியைக் கொடுத்த பிறகும், அடுத்த ஆண்டு ஃபார்முலா 1க்குப் போகவிருந்த ஒருவரை அதே காரில் 40 வயதில் பின்னுக்குத் தள்ளியது மிஞ்சுகிறது. அதற்கு முந்தைய ஆண்டும் இதே வித்தையைச் செய்துகாட்டியது அதற்குச் சாட்சி. நீல்சனின் வாழ்நாள் வரிசையில் 1990 லெ மானை நான் முதலில் வைப்பேன். அங்கே வேகமான நிசான்கள் எதிரே இருந்தன, எடை விதி போன்ற ஊன்றுகோல் எதுவும் யாருக்கும் இல்லை. அதற்கு அடுத்து 1996 ஜப்பான். அதற்கும் கீழே 1995 பிபிஆர். வங்கியாளரோடு வென்றது கடினம்தான், ஆனால் பெல்மும் ஒரு வாடிக்கையாளர்தான், ஷூமாக்கர் அல்ல. டேனிஷ் ஓட்டுநர்கள் அனைவரையும் வைத்துப் பட்டியல் போட்டால், லெ மானுக்கு வெளியே வென்ற பட்டங்களில் கிறிஸ்டென்சனின் 1993 ஜப்பான் ஃபார்முலா 3க்கு மேலே இதற்கு இடம் கொடுப்பேன். அங்கே எதிரில் நின்றவர்கள் வளர்ந்துகொண்டிருந்தவர்கள். இங்கே எதிரில் நின்றவர்களில் ஒருவர் அதே ஆண்டு ஜப்பானின் மிக வேகமான தொடரில் சாம்பியனாக இருந்தார்.